குறி தவறாத குண்டு

அமெரிக்கத் தொலைக்காட்சிக்காரர்களுக்கு ஒழுக்கம் இல்லை என்கிறவன் வாயில் புழு விழட்டும். 1989இல் ஏபிசி சேனலின் ‘தர்ட்டிசம்திங்’ தொடரில் இரண்டு ஆண்கள் ஒரே கட்டிலில் படுத்துப் பேசிக்கொண்டிருந்தார்கள். பேச்சு மட்டும்தான், ஒருவர்மேல் ஒருவர் விரல்கூடப் படக் கூடாதென்று மேலிடத்துக் கட்டளை. அதற்கே விளம்பரதாரர்கள் வேட்டியை மடித்துக்கொண்டு ஓடினார்கள். பத்து லட்சம் டாலருக்கு மேல் நட்டம். மறு ஒளிபரப்பில் அந்த எபிசோடையே காணோம்.

இதே சேனலின் ‘டைனஸ்டி’யில் 1981இலேயே ஒரு கோடீசுவரத் தகப்பன் தன் மகனுடைய காதலனைத் தள்ளிவிட்டுச் சாகடித்திருந்தான். அந்தத் தொடர் 1989 வரை ஓடியது. கொலை குடும்பத்தோடு பார்க்கிற சமாசாரம்!

பிறகு ஃபாக்ஸ் சேனலின் ‘மெல்ரோஸ் பிளேஸ்’. அந்தக் குடியிருப்பில் யார் யாரோடு படுக்கிறார்கள் என்று கணக்கு வைக்கவே ஒரு குமாஸ்தா வேண்டும். மேட் என்கிற தன்பாலின ஈர்ப்பாளனுக்கு மட்டும் ஏகாதசி விரதம். 1994இல் ஒருவழியாக அவனுக்கு ஒரு முத்தம் வாய்த்தது. கேமரா சட்டென்று திரும்பி, அதை ஜன்னல் வழியாகப் பார்த்து விழித்தவனின் மூஞ்சியைக் காட்டியது. மறு ஆண்டு அதே கட்டடத்தை ஒருத்தி வெடிவைத்துத் தகர்த்தாள். அப்போது கேமரா கண்ணைக் கொட்டவே இல்லை.

காலம் மாறி, முத்தத்தைக் காட்டலாம் என்றானது. உடனே கூலி கேட்டார்கள்: உயிர். 2002இல் ‘பஃபி’ தொடரில் காதலிகளான டாராவும் வில்லோவும் பிரிந்து மறுபடி சேர்ந்த கையோடு, வேறு யாருக்கோ வைத்த குண்டு ஜன்னலைத் துளைத்து வந்து டாராவைக் கொன்றது. டைட்டிலில் டாராவாக நடித்தவரின் பெயர் முக்கிய நடிகர் வரிசையில் முதன்முதலாக வந்ததே அன்றைக்குத்தான். நம்மூரில் ஆட்டுக்கு மாலை போட்டு, மஞ்சள் தண்ணீர் தெளித்துத்தான் வெட்டுவோம்.

2016இல் ‘தி 100’. லெக்ஸா, கிளார்க் என்கிற இரண்டு பெண்கள் முதன்முதலாகக் கூடுகிறார்கள். கிளார்க்கைக் குறிவைத்த குண்டு லெக்ஸாமேல் பாய்கிறது. பதினான்கு வருடத்தில் ஒரு புதுச் சாவைக்கூட யோசிக்கத் துப்பில்லாத இவர்களுக்கு எழுத்தாளர் என்று பெயர், அதற்குச் சம்பளம் வேறு! நடிகைக்கு இன்னொரு தொடரில் வேலை வந்துவிட்டதாம். போகிறவளை உயிரோடு அனுப்பிவைக்க ஒரு வசனமா கிடைக்கவில்லை?

லெக்ஸாவைப் பார்த்து, தங்களுக்கும் ஒரு வாழ்வு உண்டு என்று நம்பிய தன்பாலின ஈர்ப்புள்ள இளம்பிள்ளைகள் உடைந்துபோனார்கள். ரசிகர்களே காசு திரட்டி, அப்படிப்பட்ட பிள்ளைகளின் தற்கொலையைத் தடுக்கும் ட்ரெவர் புராஜெக்ட் அமைப்புக்குக் கொடுத்தார்கள். தொடரின் கர்த்தா ஒரு மன்னிப்புக் கடிதம் எழுதினார். அடுத்த சீசனுக்கான அனுமதி அதே மாதம் அவர் கைக்கு வந்து சேர்ந்தது.