மூன்றாம் அத்தியாயத்தில் குடியிருப்பவர்

புஞ்சாக் ஆலாமில் தாமானுக்கு ஒருவராவது இப்படி இருப்பார். பட்டம் வாங்கியாகிவிட்டது, வேலை இன்னும் இல்லை, கையில் ஏதாவது ஒரு பெரிய மனிதரின் சுயசரிதை, மடியில் பூனை. விசாரித்தால் "தேடிக்கிட்டுதாண்ணே இருக்கேன்" என்பார். பொய் சொல்லவில்லை. ஆனால் அவர் தேடுவது வேலையையா, வேலை கிடைக்காமல் திண்டாடிய பெரிய மனிதர்களையா என்பதில்தான் சந்தேகம். விண்ணப்பத்துக்குப் பதில் வராவிட்டால், பம்பாயில் காந்திக்கு என்ன நடந்தது தெரியுமா என்று ஆரம்பிப்பார். இண்டர்வியூவில் இரண்டு கேள்வியோடு அனுப்பிவிட்டால் அப்துல் கலாம் வருவார். பெண் வீட்டார் சம்பளத்தைப் பற்றிக் கேட்டுவிட்டாலோ உ.வே.சாமிநாதையரின் வீட்டு வறுமை ஊர் ஊராக விரியும். அது முடிவதற்குள் காப்பி ஆறிப்போகும், வந்தவர்களும் எழுந்துவிடுவார்கள்.

வேலை தேடுகிறவர் கைக்குச் சுயசரிதை போகக் கூடாது என்பது என் கட்சி. படித்தால் மனம் குளிர்ந்துவிடுகிறது, அதுதான் ஆபத்து. கலாமையே எடுத்துக்கொள்வோம். டேராடூனில் விமானப்படைத் தேர்வு. எடுக்கப்போவது எட்டுப் பேர், அவர் ஒன்பதாவது. நொந்துபோய் ரிஷிகேஷுக்குப் போகிறார். சிவானந்தர் தேறுதல் சொல்கிறார். நம்மவர் இந்த இடத்தைச் சொல்லும்போது குரலே மாறிவிடும். காரணம் உண்டு: அந்தச் சிவானந்தர் சாமியார் ஆவதற்கு முன் டாக்டர். 1913 முதல் 1923 வரை மலாயாவில் வேலை பார்த்தவர், அதுவும் முதலில் நெகிரி செம்பிலானில் ஒரு தோட்டத்து ஆஸ்பத்திரியில். ஆகவே கலாமுக்குக் கிடைத்த ஆறுதலே நம்ம ஊர்ச் சரக்கு என்று ஒரு பெருமை. நியாயமான பெருமைதான், நானும் மறுக்கவில்லை. ஆனால் நம்மவர் புத்தகத்தை அங்கேயே மூடிவிடுகிறார். அடுத்து வருவது என்ன? டேராடூனுக்குப் போகும் முன்பே கலாம் டெல்லியில் இன்னொரு இண்டர்வியூவும் கொடுத்திருந்தார். ரிஷிகேஷிலிருந்து திரும்பி நேராக அந்த ஆபீசுக்குப் போய், என்ன ஆயிற்று என்று கேட்டார். நியமனக் கடிதத்தைக் கையில் கொடுத்தார்கள். அடிப்படைச் சம்பளம் 250 ரூபாய். இதில் கங்கையும் இல்லை, சாமியாரும் இல்லை. போய்க் கேட்டார், கிடைத்தது, அவ்வளவுதான். அதனாலேயே நம்மவருக்கு அந்தப் பக்கம் ருசிப்பதில்லை.

காந்தி கதையும் இப்படித்தான் பாதியில் நிற்கும். பாரிஸ்டர் பட்டத்தோடு 1891-ல் திரும்பியவர் பம்பாய்க் கோர்ட்டில் எழுந்து நின்று வாய் வராமல் உட்கார்ந்தது, 75 ரூபாய் ஆங்கில வாத்தியார் வேலைக்கு எழுதிப் போட்டு, பி.ஏ. இல்லை என்று தள்ளப்பட்டது, இவையெல்லாம் நம்மவருக்கு மனப்பாடம். பிறகு அதே காந்தி ராஜ்கோட்டுக்குப் போய் ஊராருக்கு மனு எழுதிக் கொடுத்து மாதம் ஏறக்குறைய 300 ரூபாய் சம்பாதித்த சேதி மட்டும் அவர் நினைவில் தங்குவதில்லை. சாமிநாதையர் பக்கம் வந்தால் ஒரு சின்ன வெற்றிச் சிரிப்பு தெரியும். 1880-ல் கும்பகோணம் காலேஜிலிருந்து ஓய்வு பெற்ற தியாகராச செட்டியார் தம் இடத்தை இவருக்கு வாங்கிக் கொடுத்தாரே, "பாத்தீங்களாண்ணே, ஆள் இருந்தா வேலை" என்பார். செட்டியார் தேடி வந்தபோது ஐயர் திண்ணையில் காத்துக்கொண்டிருக்கவில்லை. மகாவித்துவானிடம் வருஷக்கணக்கில் படித்துவிட்டு, திருவாவடுதுறை மடத்தில் பாடம் சொல்லிக்கொண்டிருந்தார்.

ஊர் நிலவரம் தெரியாமல் பேசுகிறேன் என்று சிலர் கோபிக்கலாம். நிலவரம் தெரியும். தாத்தா காலத்தில் இந்தப் பக்கமெல்லாம் தோட்டம். விடியுமுன் பெரட்டுக்கு நின்றால் அன்றைக்கு வேலை உண்டு. இப்போது செம்பனை போய்த் தாமான் வந்துவிட்டது, பெயர் கூப்பிட மண்டோர் இல்லை. விளம்பரத்தைத் திறந்தால் மண்டரின் தெரிந்திருக்க வேண்டும், சொந்த வண்டி இருக்க வேண்டும் என்கிறார்கள். ரயில் வராத ஊரில் இரண்டாவது நிபந்தனையைக் குறை சொல்லவும் முடியாது. ஊரிலேயே பெரிய கல்வி வளாகம் யூஐடிஎம், ஆனால் அங்கே நம் பிள்ளைகள் மாணவராகச் சேர முடியாது (அதைப் பேசப் போனால் இந்தக் கட்டுரை வேறு எங்கோ போய்விடும்). இவ்வளவும் உண்மை. ஆனால் இதில் ஒன்றுக்காவது சுயசரிதையில் மருந்து இருக்கிறதா? கடைசிவரை வேலை கிடைக்காதவர் சுயசரிதை எழுதுவதில்லை, எழுதினாலும் அச்சுப் போட ஆள் இல்லை. ஜெயித்தவர்களின் மூன்றாம் அத்தியாயத்தை மட்டும் படித்துவிட்டு, நாலாவது தானாக வரும் என்று உட்கார்ந்திருப்பது வாசிப்புக் கணக்கில் சேராது. இந்தக் காலத்தில் படிக்கிறாரே, அதுவே பெரிசு என்பவர்களுக்கும் இதுதான் பதில்: முழுதும் படிக்கட்டும், நானே புத்தகம் வாங்கித் தருகிறேன்.

பூனைகள் விஷயத்தில் அதிகம் சொல்வதற்கில்லை. ஒன்றுக்கு எச்.ஆர். என்று பெயர், எத்தனை தரம் கூப்பிட்டாலும் திரும்பிப் பார்க்காது. பூனை வளர்ப்பதற்கும் அவரிடம் சுயசரிதை ஆதாரம் உண்டு: லண்டன் தெருவில் பிழைத்த ஜேம்ஸ் போவன் பாப் என்ற செம்பட்டைப் பூனையைப் பற்றி 2012-ல் எழுதி உலகம் முழுக்க விற்ற புத்தகம். ஒரு பூனை ஒரு மனுஷனைத் தூக்கிவிட்டது என்பார். போவன் பாப்பைத் தோளில் ஏற்றிக்கொண்டு தெருவுக்குப் போனார், கிட்டார் வாசித்தார், பத்திரிகை விற்றார். இங்கே பூனை மடியை விட்டு இறங்குவதில்லை, அதனால் அவரும் எழுந்திருப்பதில்லை. அந்தப் பூனைகளுக்குக் கெம்போங் மீன் வேகவைப்பது யார் என்றால், மேரு பக்கம் கையுறைத் தொழிற்சாலையில் இரவு ஷிஃப்ட் முடித்து, கால் வீங்கி வீட்டுக்கு வரும் அம்மா. குளிக்கக்கூட விடாமல் காலைச் சுற்றுகின்றன. மீன் விலையும் அந்தச் சம்பளத்தில்தான். இதில் எனக்குச் சிரிப்பு வரவில்லை. மகன் உள்ளறையில் யாரோ ஒருவரின் தாய் பட்ட கஷ்டத்தைப் படித்துக் கண் கலங்கிக்கொண்டிருக்கிறார்.

இத்தனைக்கும் ஆள் திறமைசாலி. தாமான் பிள்ளைகளுக்கு வேலைக்கு எழுதிப் போடும் கடிதமெல்லாம் அவர் கைவண்ணம்தான். மலாயும் ஆங்கிலமும் சுத்தமாக இருக்கும். ஆள்குறைப்பில் வேலை போன அக்காமாருக்குப் பெர்கேசோ பாரத்தை உட்கார்ந்து நிரப்பி, எந்தக் கட்டத்தில் என்ன எழுத வேண்டும் என்று பொறுமையாகச் சொல்லிக் கொடுப்பார். அவர் எழுதிக் கொடுத்த கடிதத்தோடு போனவர்கள் ஷா ஆலாமில் வேலைக்குச் சேர்ந்து, டோல் கட்டி, தினமும் போய் வருகிறார்கள். ராஜ்கோட்டில் இதே வேலைக்கு மாதம் முந்நூறு ரூபாய் கிடைத்தது. புஞ்சாக் ஆலாமில் கிடைப்பது ஒட்டுக்கடையில் ஒரு தே தாரிக். அதற்கும் பல நாள் அவரே முந்திக்கொண்டு காசு கொடுத்துவிடுகிறார், அம்மாவின் காசை.