சத்தம் எப்போ வருது?

தகடூரை ஆண்ட அதியமான் நெடுமான் அஞ்சி எப்பேர்ப்பட்டவன் என்று எதிரிகளுக்குச் சொல்ல வந்த ஔவை, ஒரு தச்சனைத் துணைக்கு அழைத்தார். ஒரே நாளில் எட்டுத் தேர் செய்து முடிக்கும் தச்சன் அவன். அப்படிப்பட்டவன் ஒரு மாதம் மெனக்கெட்டு ஒரே ஒரு சக்கரம் செய்தால் எப்படி இருக்கும், அதுபோல என் மன்னன் என்றார். புறநானூற்றில் 87ஆம் பாட்டு. அந்தத் தகடூர்தான் இன்றைய தருமபுரி. சக்கரத்தை இவ்வளவு உயர்த்திப் பேசிய ஊரில், என் காரின் முன்பக்கம் ‘டக் டக்’ என்று சத்தம் வந்தால் நாலு பேர் கருத்துச் சொல்லாமல் இருப்பார்களா?

“டயர்ல கல்லு மாட்டியிருக்கும், கத்தியால நோண்டுங்க” என்றார் எதிர்வீட்டுக்காரர். “ஆக்ஸில் போச்சு” என்றார் டீக்கடைக்காரர், பாலை ஆற்றிக்கொண்டே, எழுந்துகூடப் பார்க்காமல். “சத்தம் வண்டியிலயா, உங்க காதுலயா?” என்றாள் என் மனைவி. லாரி ஓட்டும் மச்சான் மட்டும் ரொம்பத் தெளிவாக, “தொப்பூர் இறக்கத்துல ஒரு தடவ விட்டுப் பாருங்க மாமா, தெரிஞ்சிரும்” என்றான். தொப்பூர் கணவாயில் எதையும் ‘விட்டுப் பார்க்க’க் கூடாது என்பது இந்த மாவட்டத்தில் தொட்டில் பிள்ளைக்கும் தெரியும். மச்சானுக்கு என்மேல் என்ன கோபம் என்று இன்றுவரை தெரியவில்லை.

பட்டறைகளில் வேறு மாதிரி அவமானம். எங்கே போனாலும் முதல் கேள்வி, “சத்தம் எப்படி வருது? செஞ்சு காட்டுங்க.” நடுரோட்டில் நின்று, ஐம்பதைத் தாண்டிய நான், வாயால் ‘டக் டக்’ என்று செய்து காட்டினேன். “டக் டக்கா, டொக் டொக்கா?” என்றார் ஒருவர். கொஞ்சம் யோசித்து, நாக்கை மேலண்ணத்தில் ஒட்டி எடுத்து, இன்னொரு விதமாகவும் செய்தேன். ஸ்பேனர் எடுத்துக் கொடுக்கும் பையன் சிரிப்பை அடக்க வண்டிக்கு அடியில் போய்ப் படுத்துக்கொண்டான். பஞ்சர் ஒட்ட வந்த ஒருவர், “அண்ணா, இன்னொரு வாட்டி பண்ணுங்க” என்று விரும்பிக் கேட்டார்.

சேலத்தில் ஒரு பெரிய சர்வீஸ் சென்டருக்கும் போனேன். ஏசி அறை, கண்ணாடிக் கதவு, காபி. இஸ்திரி கலையாத சட்டை போட்ட தம்பி கண்ணாடியெல்லாம் ஏற்றிவிட்டு, ஏசியை முழுசாகத் திருகி, எஃப்எம்மில் பாட்டும் வைத்து, நேர் ரோட்டில் ஒரு ரவுண்டு ஓட்டிவிட்டு வந்தார். “சத்தமே இல்லையே சார்!” என்றார். சத்தமே இல்லாத அந்த வண்டிக்கு ஷாக் அப்சார்பர், லோயர் ஆர்ம், லிங்க் ராடு, இரண்டு பக்க ஆக்ஸில் என்று ஒரு எஸ்டிமேட்டும் கொடுத்தார். கல்யாணப் பத்திரிகை மாதிரி வழவழவென்று இருந்தது அந்தக் காகிதம். வண்டியை விற்றால்கூட அவ்வளவு தேறாது.

கடைசியில் பென்னாகரம் ரோட்டில் புளியமரத்தடிப் பட்டறைப் பெரியவரிடம் போய் நின்றேன். பழக்க தோஷத்தில் வாயைக் குவித்தேன். கையமர்த்தினார்.

“அதெல்லாம் வேணாங்க. எப்போ வருது?”

“எப்பவும் வருதுங்க.”

“எப்பவும் வராதுங்க. நேரா போறப்பவா, ஒடிச்சுத் திருப்பறப்பவா? பிரேக்குல கால் வெக்கறப்பவா? வேகத்தடை ஏறி இறங்கறப்பவா? நிறுத்தி வெச்சு ஸ்டீயரிங்க மட்டும் சுத்தறப்பவா?”

இவ்வளவு நாள் என்ன சத்தம் என்று ஊரே ஆராய்ந்துகொண்டிருக்க, மனிதர் நேரத்தைக் கேட்கிறார். ஒவ்வொரு நேரத்துக்கும் ஒரு குற்றவாளி வைத்திருந்தார். நேர் ரோட்டில் சக்கரத்தின் வேகத்துக்கேற்ப வந்தால் டயரில் கல்லோ, வீல் கப்போ இருக்கலாம், ஆனால் முதலில் வீல் நட்டை முடுக்கிப் பார்க்க வேண்டும். நின்ற இடத்தில் சுற்றும்போது ‘டொய்ங்’ என்றால் ஸ்ட்ரட் பேரிங். பிரேக் பிடித்ததும் ஒரே ஒரு ‘டிக்’ என்றால் பேடு ஆடுகிறது. முழுசாக ஒடித்துத் திருப்பி ஆக்ஸிலேட்டர் கொடுக்கும்போது ‘டக் டக் டக்’ என்று அடுக்கி வந்தால் ஆக்ஸிலின் வெளிமுனை ஜாயிண்ட்.

சந்தை கூடாத நாளில் நல்லம்பள்ளிச் சந்தைத் திடலுக்குப் போனோம். நான் ஸ்டீயரிங்கை இடது கடைசிவரை ஒடித்து வட்டமடிக்க, அவர் காதில் கை வைத்துக் குனிந்தபடி கூடவே ஓடி வந்தார். ‘டக் டக் டக்.’ கம்பெனிக்காரர் முன்னால் வாய் திறக்காத வண்டி இங்கே கச்சேரியே வைத்தது. “இடது ஒடிச்சா சத்தம். அப்போ வலது ஜாயிண்ட்” என்றார். இடது பக்கம் திரும்பினால் வலது பக்கம் அலறும். நான் காரைப் பற்றி மட்டும்தான் சொல்கிறேன்.

அம்பாசிடர் ஓட்டிய தலைமுறைக்கு இந்தச் சத்தமே தெரியாது. அதில் முன்சக்கரம் திரும்பும், பின்சக்கரம் தள்ளும். வேலை பிரித்துக் கொடுக்கப்பட்டிருந்தது. 1983 டிசம்பரில் மாருதி 800 வந்தது. முன்சக்கரமே இழுக்கவும் வேண்டும், திரும்பவும் வேண்டும் என்ற ஏற்பாடு நம் நடுத்தர வீடுகளுக்குள் நுழைந்தது அதோடுதான். அப்படி இழுத்துக்கொண்டே திரும்ப, ஆக்ஸில் மடங்கியபடி சுற்ற வேண்டும். சாதாரண யுனிவர்சல் ஜாயிண்ட் மடங்கிச் சுற்றினால், ஒரு சுற்றுக்குள்ளேயே இரண்டு முறை வேகம் ஏறி இறங்கும். அந்தத் துள்ளல் இல்லாமல் சுற்ற, பள்ளங்களில் உருளும் ஆறு எஃகுக் குண்டுகளை வைத்து 1920களிலேயே வழி கண்டவர் ஃபோர்டு கம்பெனியில் இருந்த ஆல்ஃபிரட் ஷெப்பா. ஆறு குண்டுகளையும் கிரீஸையும் காப்பது மடிப்பு மடிப்பான ஒரு ரப்பர் உறை. பூட் என்பார்கள். விலை சில நூறு ரூபாய். அது கிழிந்தால் கிரீஸ் வெளியே பறந்து ரிம்மின் உட்பக்கம் அப்பிக்கொள்ளும், எங்கள் ஊர் கிரானைட் தூசி உள்ளே குடியேறும். குண்டுகள் பள்ளத்தை அரித்துவிட்டுத்தான் ‘டக்’ என்கின்றன. சத்தம் வந்தபிறகு உறையை மாற்றிப் புண்ணியமில்லை. அப்போது செலவு ஆயிரங்களில்.

ஆக்ஸிலைக் கழற்றி மாட்டியதும், வேகத்தடையில் இதுவரை மறைந்திருந்த ஒரு ‘டொக்’ தனியாகக் கேட்டது. லிங்க் ராடு. அதற்கு வண்டியைக் குறை சொல்ல மனம் வரவில்லை. வேகத்தடை 3.7 மீட்டர் அகலமும் 10 சென்டிமீட்டர் உயரமுமாக, வண்டி 25 கிலோமீட்டர் வேகத்தில் தாண்டும்படி இருக்க வேண்டும் என்பது இந்திய சாலைக் காங்கிரஸ் 1988இல் வகுத்த அளவு. எங்கள் பக்கம் ஜல்லியும் கோபமும் எவ்வளவு மிஞ்சியதோ அதுதான் உயரம்.

அதற்குப் பிறகு எனக்கு ஒரு வியாதி தொற்றிக்கொண்டது. யார் என்ன சத்தம் என்று சொன்னாலும் நேரம் கேட்கிறேன். போன மாதம் ஒரு கல்யாணப் பந்தலில் பாலக்கோட்டுச் சித்தப்பா, “டக் டக்குனு சத்தம் வருதுடா” என்றார்.

“எப்போ வருது?”

“மேட்டுல ஏறறப்ப.”

“எத்தனை கிலோமீட்டர் ஓடியிருக்கு?”

“வண்டி இல்லடா. முட்டி.”

“இடது பக்கம் திரும்பறப்பவா, வலது பக்கமா?” என்று அடுத்த கேள்வி தானாக வந்து விழுந்தது. சித்தப்பாவும் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு எழுந்து, பந்தல் நடுவில் இடது பக்கமாக ஒரு வட்டம் போட்டுப் பார்த்தார்.