தரையில் நிற்கும் படகு

நாகல் நகர்ப் பக்கம் இருக்கிற எங்கள் பட்டறையில் நாலு மாதமாக ஒரு படகு நிற்கிறது. திண்டுக்கல்லில் படகா என்று பால்காரர் கேட்டார், கரண்ட் கணக்கெடுக்க வந்தவர் கேட்டார், எதிர்வீட்டுப் பேரன் தினமும் பள்ளிக்கூடம் போகும்போது எட்டிப் பார்த்துவிட்டுத்தான் போகிறான். கொடைக்கானலில் ஒரு பழைய குடும்பத்தாருடைய துடுப்புப் படகு அது. உடம்பு கல்லு மாதிரி இருக்கிறது. உள்வேலைதான் போய்விட்டது: உட்காரும் பலகை, சாய்மானம், கால் வைக்கும் சட்டம், பின்பலகைக்கு அடியில் குடையும் சாப்பாட்டுத் தூக்கும் வைக்கிற சின்னப் பெட்டி. லாரியில் வத்தலக்குண்டு வழியாக இறங்கி வந்ததைக் கதவைக் கழற்றி உள்ளே கொண்டுவந்து வைத்த அன்று ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை. அந்தச் சாய்மானத்தின் வளைவை நான் ஏற்கெனவே பார்த்திருக்கிறேன். என் அப்பாவின் கை அது.

எங்களை மதுரை மாவட்டம் என்று எழுதிக்கொண்டிருந்த காலம். திண்டுக்கல் தனி மாவட்டமானது 1985-இல்தானே. பங்குனி பிறந்தால் அப்பா சீசனுக்கு முன்னால் படகு வேலைக்காக மலையேறிவிடுவார். பரீட்சை முடிந்த வருஷங்களில் நானும் கூடப் போவேன். சாக்குப் பையில் உளியும் கொட்டாப்புளியும் இழைப்புளியும் ஒன்றோடொன்று உரசிச் சத்தம் போடும். பஸ் வத்தலக்குண்டு தாண்டி வளைவு ஏறத் தொடங்கியதும் கீழே காய்ந்து கிடக்கிற எங்கள் சமவெளி தூசுப் படலத்துக்குள் மறையும். அப்பா கையில் எலுமிச்சம்பழத்தைக் கொடுத்து மோந்துகொண்டே வா என்பார். ஏரிக்கரையில் இறங்கினால் முதலில் மூக்குக்கு எட்டுவது ஈர மரத்தின் வாசனை. மதுரைக் கலெக்டராக இருந்த லெவிஞ்ச் துரை 1863-இல் கரை கட்டி அந்த ஏரியை உண்டாக்கியதையும், முதல் படகைத் தூத்துக்குடியிலிருந்து வரவழைத்ததாகச் சொல்வார்கள் என்பதையும் அப்பா ஒவ்வொரு தடவையும் சொல்வார். மோட்டார் ரோடு இல்லாத அந்தக் காலத்தில் படகை ஆட்கள் தோளில் சுமந்துதானே ஏற்றியிருப்பார்கள் என்று சொல்லும்போது அவர் குரல் தழுதழுக்கும். அங்கே 1890-இல் படகுச் சங்கம் தொடங்கினார்கள். ஆனால் அப்பா மதித்தது அந்தச் சுமைகாரர்களைத்தான்.

வீட்டுச் சாமானுக்கு அப்பா வஜ்ஜிரப் பசை காய்ச்சுவார். தண்ணீர்ச் சட்டிக்குள் இன்னொரு சட்டி வைத்து அது உருகும்போது தெருவே மூக்கைப் பிடிக்கும். இன்று அந்த நாற்றத்துக்காக நான் ஏங்குகிறேன். வஜ்ஜிரம் போட்ட மூட்டு ஐம்பது வருஷம் நிற்கும். சுடுதண்ணீர்த் துணியைச் சுற்றினால் கழன்று கொடுக்கும். படகில் அது ஆகாது, கரைந்துவிடும். அதனால் அத்தனையும் பித்தளை ஸ்குரூ. ஒவ்வொரு ஸ்குரூவின் தலைக்கோடும் மரத்தின் ரேகை போகிற திசையிலேயே நிற்கும்படி முடுக்குவார். யார் பார்க்கப் போகிறார்கள் என்று ஒரு தடவை கேட்டேன். பின்னால் ஒருவன் கழற்றுவான், அவன் பார்ப்பான் என்றார்.

அந்த ஒருவன் நான்தான் என்று இப்போது தெரிகிறது. மேல் சட்டத்தில் பதினான்கு ஸ்குரூ, எல்லாம் ஒரே திசை. திருப்புளி வைத்ததும் நெய்யில் கரண்டி போட்ட மாதிரி கழன்றன. ஆனால் உட்காரும் பலகையில் நடுவில் யாரோ பிளைவுட் துண்டு வைத்து இரும்பு ஸ்குரூ அடித்து, பசையை ஊற்றி மூடியிருக்கிறார்கள். ஒவ்வொரு ஸ்குரூவைச் சுற்றியும் மை கொட்டினது போலக் கறுப்பு. சின்ன வயதில் இதை அப்பா எனக்கு பேகம்பூரில் காட்டியிருக்கிறார்: தோல் பதனிடுகிற இடத்தில் ஆவாரம்பட்டைத் தண்ணீரை ஒரு கொட்டாங்கச்சியில் வாங்கி, துருப்பிடித்த ஆணியைப் போட்டார், சற்று நேரத்தில் எழுதும் மை மாதிரி கறுத்துவிட்டது. பட்டையில் இருக்கிற துவர்ப்புதான் மரத்திலும் இருக்கிறது, இரும்பு பட்டால் கறுக்கும் என்றார். அப்போது எலுமிச்சம்பழத்தால் தேய்ப்போம். இப்போது ஆக்ஸாலிக் ஆசிட்டை நீரில் கரைத்துத் தடவுகிறேன், கறை நன்றாகவே போகிறது. பசை ஊற்றின இடம்தான் கழலவில்லை, மரத்தையும் பிய்த்துக்கொண்டு வந்தது. அந்தப் பலகைக்கு முழுசாக மாற்றுத் தேக்கு போட வேண்டியதாயிற்று.

புதுசு எல்லாம் கெட்டது என்று நான் சொல்ல மாட்டேன். தேய்க்கிற மிஷின் இருப்பதால் என் தோள்பட்டை பிழைத்தது. உப்புத்தாள் தேய்த்தே அப்பாவின் வலது கை கடைசிக் காலத்தில் தூக்க வராமல் போனது. ஏரியில் மிதிக்கிற ஃபைபர் படகுகளில் குழந்தைகள் பயமில்லாமல் சிரிக்கிறதைப் பார்த்தால் சந்தோஷமாகத்தான் இருக்கிறது. ஆனால் அதற்கு வாசனை கிடையாது. குங்கிலியம் போட்டு எண்ணெய் காய்ச்சிப் பூசின பலகை வெயிலில் சூடேறி ஒரு வாசனை விடும் பாருங்கள், உங்கள் வீட்டுப் பழைய ஊஞ்சல் பலகையிலோ பாட்டியின் பெட்டியிலோ நீங்களும் மோந்திருப்பீர்கள். அது டப்பா வார்னிஷில் வரவில்லை.

பின்பெட்டிக்குப் பூட்டு இங்கேயே செய்ததுதான், உள்ளே நெம்புகோல்கள் பித்தளை. எங்கள் ஊர்ப் பூட்டுக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது 2019-இல். அதற்கு எத்தனையோ வருஷம் முன்னால் இது மலையேறிவிட்டது. சாவி தொலைந்து போயிருந்தது. பக்கத்துத் தெருப் பெரியவர் பூட்டைக் காதுக்குப் பக்கத்தில் வைத்து ஆட்டிப் பார்த்து, அரைநாளில் அராவிக் கொடுத்துவிட்டார். காசு வாங்கவில்லை, இதைத் தொட்டதே போதும் என்றார்.

ஒன்று மட்டும் எனக்குப் பயமாக இருந்தது. ஏழாயிரம் அடி உயரத்து ஈரத்தில் இருந்த மரம் எங்கள் வெயிலில் வற்றும். வந்த பத்தே நாளில் அடிப்பலகைகளுக்கு நடுவே அஞ்சல் அட்டை நுழைகிற அளவு இடைவெளி விட்டுவிட்டது. இடைவெளியை அடைக்கக் கையெடுக்காதே, தண்ணீர் காட்டு, மரம் தானாக ஊதி மூடிக்கொள்ளும் என்று அப்பா சொல்வார். அவருக்கு ஏரி இருந்தது. எனக்குக் குழாயில் தண்ணீர் வருகிற நாளைக் கணக்குப் பார்க்க வேண்டும். போன ஞாயிற்றுக்கிழமை முற்றத்துக்கு நகர்த்தி, தெருவே ஆளுக்கு ரெண்டு குடம் கொண்டுவந்து ஊற்றியது. முதல் நாள் ஒழுகிக்கொண்டே இருந்தது. ரெண்டாம் நாள் சொட்டியது. இன்று விடியற்காலையில் போய்ப் பார்த்தேன். படகுக்கு அடியில் மண் காய்ந்திருந்தது.