தாமலுக்கு ஒரே வழி

காஞ்சிபுரத்தைத் தாண்டி வேலூர் பக்கம் போனால், பெங்களூரு நெடுஞ்சாலையை ஒட்டிப் பெரிய ஏரியோடு இருக்கும் ஊர் தாமல். தொண்ணூறுகளின் கடைசியில் அங்கே ஒரு பட்டு வியாபாரியின் கிளைக்கு நெட்வொர்க் போட்டுக் கொடுத்தோம். சர்வர் காஞ்சிபுரம் கடையில், தாமலில் இரண்டு கம்ப்யூட்டர். எந்த நெசவாளிக்கு எத்தனை மார்க் ஜரிகை, எவ்வளவு பாவு, ஊடை கொடுத்தோம் என்ற கணக்கு அன்றன்று சாயங்காலமே கடைக்குப் போய்ச் சேர வேண்டும். நடுவே 64 கே லீஸ்டு லைன் ஒன்று. அது படுத்துக்கொண்டால் டயல் செய்ய ஐ.எஸ்.டி.என்.

ரவுட்டரில் கையால் எழுதியது இரண்டே வரி. எல்லாவற்றையும் லீஸ்டு லைனில் அனுப்பு என்றது முதல் வரி. இரண்டாவது, ஐ.எஸ்.டி.என். பக்கம் காட்டியது. அதற்கு மட்டும் 200 என்று எண் போட்டிருந்தோம். இப்படிக் கையால் எழுதும் ஸ்டாட்டிக் வழிக்கு அந்த ரவுட்டர் தானாகத் தரும் எண் 1. எண் குறைந்த வழிக்கே முன்னுரிமை என்பதால், முதல் வரி இருக்கும்வரை இரண்டாவது தலைகாட்டாது.

டைனமிக் ரவுட்டிங் போடலாமே என்று கேட்டேன். சீனியர் ஒத்துக்கொள்ளவில்லை. அன்று சின்ன நெட்வொர்க்குகளில் புழக்கத்திலிருந்த ரிப், 30 விநாடிக்கு ஒருமுறை தனக்குத் தெரிந்த வழிகள் அத்தனையையும் பக்கத்து ரவுட்டருக்கு ஒப்பிக்கும். லீஸ்டு லைனில் அது சின்னச் சுமை. ஐ.எஸ்.டி.என்.னில் ஒவ்வொரு அழைப்புக்கும் காசு. ரிப் வாய் திறக்கும்போதெல்லாம் லைன் டயல் ஆகும், அனுப்ப ஒரு சேலைக் கணக்குகூட இல்லாத நடுராத்திரியிலும் பில் ஏறும். “ஊருக்கு ஒரே வழி. இதுல யாரைக் கேட்டு வழி கண்டுபிடிக்கப் போற, தம்பி?” என்றார். எந்த நெட்வொர்க்கைப் பார்த்தாலும் இன்றும் நான் முதலில் கேட்பது இதைத்தான்.

ஆனால் அந்த இரண்டு வரி பிழைத்ததற்குப் பாதிக் காரணம் அன்றைய லைன். இருமுனை ரவுட்டர்களும் அதில் 10 விநாடிக்கு ஒருமுறை ஒன்றையொன்று தட்டிப் பார்த்துக்கொள்ளும். பதில் நின்றால் சீரியல் போர்ட் டவுன் ஆகும், முதல் வரி அட்டவணையிலிருந்து விலகும், ஐ.எஸ்.டி.என். எழுந்து டயல் செய்யும். லைன் செத்த செய்தி ரவுட்டருக்குத் தானாக வந்து சேர்ந்தது.

இப்போது தாமலுக்கு வழி ஒன்றல்ல. நெடுஞ்சாலை ஓரமாக ஃபைபர், தலைக்கு மேலே 4ஜி. பாரத்நெட் திட்டத்தில் தமிழ்நாட்டின் 12,525 ஊராட்சிகளுக்கும் ஃபைபர் கொண்டுபோகவே டான்ஃபினெட் என்று ஒரு அரசு நிறுவனம் இருக்கிறது. கிளையில் ரவுட்டர் மாறியது. அந்த இரண்டு வரி மட்டும், ஐ.எஸ்.டி.என். இருந்த இடத்தில் 4ஜியோடு, அப்படியே புது ரவுட்டரில் ஏறியது.

சாலை வேலையில் பொக்லைன் ஃபைபரை அறுத்த ஒரு நாள் அதன் பலன் தெரிந்தது. ஃபைபர் வந்து நிற்பது மீடியா கன்வர்ட்டரில். அங்கிருந்து ரவுட்டருக்கு முழ நீள லேன் கேபிள். எங்கோ சாலையோரம் ஃபைபர் அறுந்தாலும் கன்வர்ட்டருக்கும் ரவுட்டருக்கும் இடையே எதுவும் அறுபடவில்லை. போர்ட் அப். முதல் வரி அசையவில்லை. கணக்கெல்லாம் செத்த ஃபைபருக்குள் போய் விழ, பக்கத்திலேயே 4ஜி சும்மா கிடந்தது. “பச்சை லைட்டு எரியுதே சார், அப்புறம் ஏன் போக மாட்டேங்குது?” என்று கேட்டார் கணக்குப்பிள்ளை. நியாயமான கேள்வி.

இரண்டு வழிகளிலும் விபிஎன் டனல் போட்டு, அதன்மேல் ஓ.எஸ்.பி.எஃப். என்ற டைனமிக் ரவுட்டிங் ஓட்டினால் இந்தச் சிக்கல் தீரும். 10 விநாடிக்கு ஒரு ஹலோ, 40 விநாடி பதில் இல்லையென்றால் அந்த வழி தள்ளுபடி. ஆனால் டைனமிக் என்பது பக்கத்து ரவுட்டர் சொல்வதை நம்புவது. 2021 அக்டோபர் 4 இரவு, ஃபேஸ்புக் பராமரிப்பில் கொடுத்த ஒரு கட்டளை அவர்களுடைய முதுகெலும்பு நெட்வொர்க்கையே துண்டித்தது. உடனே அவர்களுடைய டி.என்.எஸ். சர்வர்கள் தங்களுக்கான வழிகளைத் தாங்களே வாபஸ் வாங்கின. உலகத்து ரவுட்டர்கள் சில நிமிடங்களில் அதை ஏற்றுக்கொண்டன. சேலைப் படம் அனுப்ப உதவும் அவர்களுடைய வாட்ஸ்அப் ஏறக்குறைய ஆறு மணி நேரம் ஊமையானது. அதற்காக 9 லட்சத்துக்கும் மேற்பட்ட இணைய வழிகளை யாரும் கையால் எழுத முடியாது. அங்கே டைனமிக்கை விட்டால் கதியில்லை.

தாமலுக்கு அவ்வளவு வேண்டியதில்லை என்பது என் கட்சி. ஒரு கடை, ஒரு கிளை என்றால் அதே ஸ்டாட்டிக் போதும். ஆனால் ரவுட்டர் சில விநாடிக்கு ஒருமுறை ஃபைபர் வழியாகவே காஞ்சிபுரம் சர்வரை பிங் செய்து, பதில் வராதபோது முதல் வரியை விலக்கிக்கொள்ளும்படி கட்டிவிட வேண்டும். கிளைகள் பெருகி ஒன்றோடொன்று பேசத் தொடங்கும்போது ஓ.எஸ்.பி.எஃப். வரட்டும்.

எதைப் போட்டாலும், சோதிக்கும்போது லேன் கேபிளைப் பிடுங்கிப் பார்த்துவிட்டு ‘ஓகே’ என்று கையெழுத்து வாங்கிக்கொண்டு போகிறார்கள். அதைப் பிடுங்கினால் போர்ட் டவுன் ஆகத்தான் செய்யும், 4ஜி வரத்தான் செய்யும். லேன் கேபிளை விட்டுவிட்டு, கன்வர்ட்டரின் ஃபைபர் முனையைக் கழற்றுங்கள், அதுவும் காஞ்சிபுரம் பக்கத்தில். கணக்குப்பிள்ளையைத் தாமலில் உட்காரவைத்து ஒரு பதிவு போடச் சொல்லுங்கள்.