போணியும் கொசுறும்

கல்கத்தாவில் நான் முதலில் கற்றுக்கொண்ட வங்காளச் சொல் ‘பாவு’. 1978இல், கோரமண்டல் எக்ஸ்பிரஸ் ஓடத் தொடங்கிய மறு வருடம், ஒரு டிரங்குப் பெட்டியும் ஜமக்காளச் சுருளுமாக ஹவுராவில் வந்திறங்கி, லேக் மார்க்கெட் பக்கம் நம்மவர்கள் நடத்திய மெஸ்ஸில் இடம் பிடித்து, வேலைக்குச் சேர்ந்த முதல் சனிக்கிழமை சாயங்காலம், அறை நண்பர் என்னைக் கரியாஹாட்டுக்கு நடத்தி அழைத்துப் போனார். நாற்சந்திக்குச் சற்று முன்னால், பிரம்புத் தாங்கி மேல் கூடையை நிறுத்திக்கொண்டு ஒரு புச்காக்காரர் நின்றிருந்தார். இலைத் தொன்னையைக் கையில் கொடுத்து, பூரியைக் கட்டைவிரலால் உடைத்து, உருளைக்கிழங்கு மசியலை அடைத்து, புளித்தண்ணீருக்குள் அமிழ்த்தி எடுத்து வைப்பார். ஒன்றை விழுங்கி முடிக்குமுன் அடுத்தது வந்துவிடும். நாலணாவுக்கு உரியது தீர்ந்ததும் நான் தொன்னையைப் போடப் போனேன். நண்பர் கையைப் பிடித்துக்கொண்டு, ‘தாதா, பாவு?’ என்றார். மசாலாவும் உப்பும் மட்டும் வைத்த, தண்ணீர் காட்டாத பூரி ஒன்று தொன்னையில் வந்து உட்கார்ந்தது. அதற்குக் காசு இல்லை. ஊரில் காய்கறிக்காரம்மா கூடையைத் தலையில் ஏற்றும் நேரத்தில் அம்மா வாதாடி வாங்கும் கறிவேப்பிலைக் கொத்து எனக்கு ஞாபகம் வந்தது. கொசுறு! 1,600 கிலோமீட்டருக்கு மேல் ரயிலில் வந்த பிறகும் கொசுறு இருந்தது, பெயர்தான் மாறியிருந்தது.

இரண்டாவது சொல்லைக் கற்கவே வேண்டியிருக்கவில்லை. நடைபாதைக் கடைக்காரர்கள் அன்றைய முதல் வியாபாரத்தைப் ‘பௌனி’ என்றார்கள். நம் போணிதான். முதல் ஆளிடம் வாங்கிய நோட்டைக் கண்ணில் ஒற்றி, பெட்டியின் மேல் ஒரு சுற்றுச் சுற்றி உள்ளே வைப்பதும் நம் ஊர்ப் பழக்கமேதான். பாஷை தெரியாத ஊரில் தனியாக இருந்த இருபத்திரண்டு வயதுப் பையனுக்கு, இந்த இரண்டு சொற்களும் இரண்டு உறவினர்களைப் போல இருந்தன.

அந்த நாளில் லேக் மார்க்கெட் ஒரு சின்னத் தமிழ்நாடு. காலையில் வாழை இலையும் தொடுத்த பூவும் கிடைக்கும், காபிக்கொட்டை வறுக்கும் வாசனை தெருமுனை வரை வரும், பிள்ளைகளுக்கு நேஷனல் ஹைஸ்கூல், பெரியவர்களுக்கு ரசிக ரஞ்சன சபா. அங்கிருந்து கிளம்பி ராஷ்பிஹாரி அவென்யூவில் கிழக்கே நடந்தால், டிராம் மணியோசை கூடவே வரும். தேசப்பிரிய பார்க்கைத் தாண்டியதும் வேறு உலகம். நடைபாதையின் இரு ஓரமும் கடை, நடுவில் இரண்டு பேர் உரசாமல் போக முடியாத ஒரு சந்து. தனியாகாளிப் பருத்திச் சேலைகள், சாந்திபூர் சேலைகள், சிவப்புக் கட்டம் போட்ட கம்சாத் துண்டுகள், சாந்திநிகேதன் தோல் பைகள், சங்கு வளையல்கள், இரும்பு வாணலி, கொசுவலை, ஊக்கு. விற்கிறவர்கள் கூப்பிடும் விதமே ஒரு சுகம். கல்யாணமான பெண் என்றால் ‘பௌதி’, அதாவது அண்ணி. வயதானவர் என்றால் ‘மாஷிமா’, அம்மாவின் சகோதரி. எல்லா வாங்குதலும் ஒரு குடும்பத்துக்குள் நடப்பதுபோல் நடக்கும்.

பசித்தால் ஜால்முரி. பொரியில் வெங்காயம், பச்சை மிளகாய், கொண்டைக்கடலை போட்டு, கடுகெண்ணெயை ஒரு சுழற்றுச் சுழற்றி, டப்பாவில் குலுக்கி, பழைய செய்தித்தாள் பொட்டலத்தில் கொட்டி, மேலே ஒரு கீற்றுத் தேங்காயைக் குத்தி நீட்டுவார்கள். கடுகெண்ணெய் நெடி பழக எனக்கு மூன்று மாதம் ஆயிற்று. பழகிய பிறகு அது இல்லாமல் சாயங்காலமே இல்லை என்றாகிவிட்டது. அந்தத் தேங்காய்க் கீற்றைக் கடைசிவரை பத்திரப்படுத்தி வைத்துத் தின்ற ஆள் நான் மட்டும் இல்லை என்று நினைக்கிறேன். உங்களுக்கும் வேறொரு தெருவில், வேறொரு பொட்டலத்தில், கடைசி வாய்க்கென்று ஒதுக்கிய துண்டு ஒன்று இருந்திருக்கும்.

வெளியூரிலிருந்து கல்கத்தா பார்க்க வருகிறவர்கள் அன்றும் இன்றும் நியூ மார்க்கெட்டுக்குத்தான் போவார்கள். அது தப்பில்லை. 1874ஆம் ஆண்டின் முதல் நாளன்று திறந்த அந்தச் செங்கல் கட்டடம், 1985இன் தீயில் ஒரு பகுதியை இழந்தும், தாங்கி நிற்கிறது. பாக்தாதிலிருந்து வந்த யூதக் குடும்பம் ஒன்று 1902இல் தொடங்கிய நஹூம் கேக் கடைக்கு டிசம்பரில் வரிசை நிற்கிறது. ஆனால் சுமை தூக்கிகள் பிரம்புக் கூடையோடு பின்னாலேயே வரும் அந்த இடம் விருந்தாளிகளுக்கானது. மாதச் சம்பளக்காரர்களுக்குக் கரியாஹாட்.

மின்வெட்டைச் சொல்லாமல் அந்தக் காலத்தைச் சொல்ல முடியாது. ‘லோட் ஷெடிங்’ என்ற ஆங்கிலச் சொல்லை ரிக்‌ஷாக்காரர் முதல் பாட்டிமார் வரை வங்காளமாகவே ஆக்கிவிட்டிருந்தார்கள். ஏழு மணிக்கு, கூட்டம் நெரியும்போது, தெரு முழுக்க ஒரே வீச்சில் அணையும். ஒரு பெருமூச்சு எழும். அடுத்த நிமிடம் தீக்குச்சிகள், அரிக்கேன்கள், மெழுகுவர்த்திகள், வசதியுள்ள கடையில் உஸ்ஸென்று இரையும் ஹஜாக் விளக்கு; நாம் பெட்ரோமாக்ஸ் என்போம். ஒருவரும் கடையை மூடமாட்டார்கள். 1979 துர்கா பூஜைக்கு முந்தைய வாரம், அப்படிப்பட்ட இருட்டில், ஓர் அரிக்கேன் வெளிச்சத்தில் அம்மாவுக்கு ஒரு தனியாகாளிச் சேலை எடுத்தேன். முதல் போனஸ் பணம். அரக்குச் சிவப்பு என்று நினைத்து மெஸ்ஸுக்குக் கொண்டுவந்து, காலை வெயிலில் பிரித்தால் கத்தரிப்பூ நிறம். சாயங்காலம் தயங்கித் தயங்கிப் போய் நின்றேன். ரசீது கிடையாது, கடைக்குப் பெயரும் கிடையாது, மூங்கில் கழியும் தார்ப்பாயும்தான் அடையாளம். கடைக்காரர் ஒரு கேள்வி கேட்டார்: ‘மாஷிமாவுக்கு எந்த நிறம் பிடிக்கும்?’ என் அம்மாவை அவர் பார்த்ததில்லை. அரக்கை எடுத்து, இந்த முறை அரிக்கேனைச் சேலைக்குப் பக்கத்திலேயே தூக்கிப் பிடித்துக் காட்டி மாற்றிக் கொடுத்தார். அம்மா அந்தச் சேலையைக் கிழியும்வரை கட்டினாள்.

அதற்குப் பிறகு பதினேழு வருடம் அவர் கடையைத் தவிர வேறு கடையில் நான் சேலை எடுத்ததில்லை. சைத்ர மாதத்துத் தள்ளுபடி விற்பனையின் காரணத்தையும் அவர்தான் சொல்லிக் கொடுத்தார். வங்காள வருடத்தின் கடைசி மாதம் சைத்ரம். வைசாகம் முதல் தேதி புதுக்கணக்கு நோட்டுக்குப் பூஜை போட்டு, வாடிக்கையாளருக்கு இனிப்பும் காலண்டரும் கொடுப்பார்கள். அதற்குள் பழைய சரக்கைத் தள்ளிவிட வேண்டும். அதனால் மார்ச் நடுவிலிருந்து ஒரு மாதம் கரியாஹாட் முழுக்கக் கூவல்தான். அவர்களுக்குச் சைத்ரம் முடிகிறபோது நமக்குச் சித்திரை பிறக்கிறது என்று சொன்னேன். அன்றைக்கு ஒரு கைக்குட்டையைப் பாவு கொடுத்தார்.

1996 நவம்பரில், ‘ஆபரேஷன் சன்ஷைன்’ என்று பெயரிட்டு, அரசும் மாநகராட்சியும் முக்கியச் சாலைகளின் நடைபாதைக் கடைகளை இரவோடு இரவாக இடித்து அகற்றின. மறுநாள் காலை நான் அந்த வழியாகத்தான் வேலைக்குப் போனேன். நடைபாதையின் முழு அகலத்தை அன்றுதான் பார்த்தேன். பிள்ளையின் கையைப் பிடித்துக்கொண்டு உரசாமல் நடக்க முடிந்தது. உண்மையைச் சொன்னால் சந்தோஷமாகவே இருந்தது. சாயங்காலம் திரும்பியபோதுதான் புரிந்தது. தெருவிளக்கு எரிந்தும் தெரு இருட்டாக இருந்தது. நான் பதினெட்டு வருடமாகத் தெரு வெளிச்சம் என்று நினைத்திருந்தது அவர்களுடைய வெளிச்சம். சேலைக்காரர் உட்காரும் இடத்தில் மூங்கில் நட்டிருந்த நான்கு குழிகள் மட்டும் இருந்தன. பெயரைக்கூடக் கேட்டு வைக்கவில்லையே என்று அந்தக் குழிகளைப் பார்த்துக்கொண்டு நின்றேன். மாதங்கள் போகப்போகக் கடைக்காரர்கள் போராடி, சங்கம் கூடி, ஒவ்வொருவராகத் திரும்பி வந்தார்கள். அவர் வரவில்லை. அடுத்த வருடம் எனக்குச் சென்னைக்கு மாற்றல் வந்தது.

2024 ஏப்ரலில், சைத்ரம் முடிய ஒரு வாரம் இருக்கையில், பேத்தியை அழைத்துக்கொண்டு போனேன். ஹவுராவில் மைத்துனர் வீட்டில் தங்கியிருந்தோம். அங்கிருந்து, ஒரு மாதம் முன்புதான் திறந்திருந்த நதிக்கடியிலான மெட்ரோ. 520 மீட்டர் அகல ஹூக்ளியை முக்கால் நிமிடத்தில் கடந்துவிட்டது. 1978இல் ஹவுரா பாலத்தின் நெரிசலில் இதே நதியைக் கடக்க டாக்ஸியில் அரை மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். அந்த அரை மணியில்தான் படகுகளையும் படித்துறைகளையும் பூச்சந்தையையும் பார்த்து, இந்த ஊரில் இருந்துவிடலாம் என்று மனம் இறங்கியது. பேத்தி ஜன்னலில் ஓடிய நீல விளக்கைப் பார்த்தாள். எஸ்பிளனேடில் மாறிக் காளிகாட்டில் இறங்கி மேலேறி வந்தால், பழைய லேக் மார்க்கெட் இருந்த இடத்தில் லேக் மால் நிற்கிறது. வெளியே பூக்காரர்கள் இருக்கிறார்கள். காபி வாசனையும் இருக்கிறது, கொஞ்சம் தேட வேண்டும்.

கரியாஹாட்டில் 2002இல் மேம்பாலம் வந்துவிட்டது. அதன் நிழலில் சதுரங்கப் பலகைகளை விரித்து, சந்தை இரைச்சல் எதுவும் காதில் விழாமல், பெரியவர்களும் பள்ளிப் பையன்களும் ஆடிக்கொண்டிருந்தார்கள். மேம்பாலத்தால் கிடைத்தவற்றில் எனக்கு மிகவும் பிடித்தது இதுதான். 2019 ஜனவரியில் நாற்சந்திக் கட்டடம் ஒன்றில் தீப்பிடித்த பிறகு பிளாஸ்டிக் விரிப்புகளை எடுக்கச் சொல்லி, தகரக் கூரை போட்ட கடைகள் வந்திருக்கின்றன. தீக்குப் பயப்படாமல் நிற்கலாம், நல்லதுதான். மின்வெட்டு இல்லை. ஒவ்வொரு கடையிலும் எல்இடி விளக்கு. சேலை நிறம் காலையில் மாறாது. ஒவ்வொரு கடையிலும் க்யூஆர் அட்டை. சில்லறைத் தட்டுப்பாட்டில் மிட்டாயை மீதிக் காசாக வாங்கிய தலைமுறைக்கு இது எத்தனை பெரிய நிம்மதி என்று சொல்லத் தேவையில்லை. ஆனால் கண்ணில் ஒற்றிக்கொள்ள நோட்டு இல்லை. பௌனி ஆனதை ஒரு சின்னப் பெட்டி இயந்திரக் குரலில் அறிவிக்கிறது.

பேத்தி ஒரு துணிப் பையை எடுத்தாள். விலை கேட்டதும் கைப்பேசியில் அதே மாதிரிப் பையைத் தேடி, ‘தாத்தா, இதில் நாற்பது ரூபாய் கம்மி’ என்றாள். கடைக்காரப் பையன் கோபப்படவில்லை. பையை உள்வெளியாகத் திருப்பி, தையலை இரண்டு கையாலும் இழுத்துக் காட்டி, ‘போனில் இதைச் செய்ய முடியுமா, தீதி?’ என்றான். பதினைந்து வயதுப் பெண்ணை அக்கா என்று கூப்பிட்ட உரிமையில் பேரம் ஆரம்பித்தது. நான் குறுக்கிடவில்லை. பத்து நிமிடம் பேசினார்கள், பாதி இந்தி, பாதி சைகை. இருபது ரூபாய் குறைந்தது. கூடவே ஒரு தலைமுடி ரப்பரை எடுத்துப் பையில் போட்டான். பேத்தி பணம் அனுப்புவதற்காக மறுபடி கைப்பேசியை எடுத்தாள், ‘இது எவ்வளவு?’ என்று என்னைக் கேட்டாள். அதற்குக் காசு கிடையாது என்று நான் விளக்க வேண்டியிருந்தது. செயலிகளில் தள்ளுபடி பார்த்திருக்கிறாள். கொசுறு பார்த்ததில்லை. தள்ளுபடி எல்லாருக்கும் பொது. கொசுறு எதிரே நிற்கிற ஆளின் முகத்துக்காகக் கொடுப்பது.

நாங்கள் வந்து இரண்டு மாதத்தில், அந்த ஜூனில், கொல்கத்தாவில் மறுபடி நடைபாதைக் கடைகளை அகற்றும் வேலை தொடங்கியது. சில நாளில் முதலமைச்சரே அதை நிறுத்திக் கணக்கெடுப்புக்கு ஒரு மாதம் அவகாசம் கொடுத்தார். செப்டம்பரில் ஒரே ஒரு தடம் தவிர மற்ற டிராம்களை நிறுத்தப்போவதாக அரசு அறிவித்தது. பாண்டி பஜாரில் நடைபாதைக் கடைகள் வளாகத்துக்குள் போய், 2019இல் அகல நடைபாதை வந்ததை நம் ஊர்க்காரர்கள் அறிவார்கள். அகல நடைபாதை எனக்கும் வேண்டும். என் முழங்காலுக்கு அது இன்னும் அதிகமாக வேண்டும். அதற்காக நான்கு குழிகளை மட்டும் மிச்சம் வைத்து ஒருவரை எழுப்பிவிடக் கூடாது. கணக்கெடுப்பை முடித்துச் சான்றிதழ் கொடுக்கும்வரை எந்தத் தெரு வியாபாரியையும் வெளியேற்றக் கூடாது என்று 2014ஆம் ஆண்டுச் சட்டம் சொல்கிறது. தெரு வியாபாரத்தை முடிவு செய்யும் குழுவில் பத்தில் நான்கு பேருக்குக் குறையாமல் வியாபாரிகளே இருக்க வேண்டும் என்றும் சொல்கிறது. சட்டம் இருக்கிறது, அதை அப்படியே நடத்தினால் போதும்.

பேத்தியோடு போன அன்று திரும்பும் வழியில் புச்கா சாப்பிட்டோம். அதே மாதிரிப் பிரம்புத் தாங்கி, அதே இலைத் தொன்னை, தாங்கியில் தொங்கும் க்யூஆர் அட்டை மட்டும் புதிது. இருபது ரூபாய்க்கு ஆறு. நீங்களும் கரியாஹாட் போனால், ஆறாவது முடிந்ததும் தொன்னையை உடனே கீழே போட்டுவிடாதீர்கள். கொஞ்சம் நில்லுங்கள், பாவு வரும்.