பாசிக்குடாவில் ஒரு ‘மைசெல்ஃப்’

கேள்வி: ஆங்கிலத்தில் ‘ஹிம்’ என்பதற்கும் ‘ஹிம்செல்ஃப்’ என்பதற்கும் அப்படியென்ன பேதம்?
– மாணவன், கல்குடா.

பதில்: ‘ஹீ ப்ரெய்ஸ்ட் ஹிம்’ என்பது வரவேற்புரை; ‘ஹிம்செல்ஃப்’ என்று முடித்தால் ஏற்புரை. நம் பாஷையில் ‘தன்னை’ என்னும் பதமும் ‘கொள்’ என்னும் துணைவினையும் கூடி இவ்விவகாரத்தைத் தீர்த்துவிடுகின்றன; புராதன ஆங்கிலத்திலோ ‘செல்ஃப்’ ஒட்டாத மொட்டைச் சொல்லே இரு பாரத்தையும் சுமந்தது. ஆனால், பாசிக்குடாவின் ஆழமற்ற கடலில் இடுப்பளவு நீரில் பகல் முழுதும் உல்லாசமாய்க் கழித்துவிட்டு, கரையேறித் துரையிடம் ‘ஐ எஞ்சோய்ட்’ என்று மாத்திரம் நீர் சொல்வீராயின், ‘எதை?’ என்று அவர் காத்து நிற்பார். செயப்படுபொருளின்றி ஓரடியும் நகராத அந்த வினைக்கு ‘மைசெல்ஃப்’ என்று உம்மையே எடுத்து நிவேதனம் செய்தாக வேண்டும். குளித்ததற்கோ ‘ஐ பேத்ட்’ போதும். நீர் குளித்துக் கரையேறும்வரை ‘மைசெல்ஃப்’ கரையிலிருந்து உமது வேட்டியைக் காவல் காக்கட்டும்.