காஸ் எங்கே போகிறது?

கேள்வி: என்னிடம் 1991ஆம் ஆண்டு டொல்பின் வான் இருக்கிறது. காஸ் அடித்தால் இரண்டு கிழமைக்கு ஏசி குளிரும், பிறகு புழுக்கம்தான். கராஜ்காரர் மறுபடியும் காஸ் அடிக்கச் சொல்கிறார். அடிக்கலாமா?
– வாசகர், கற்பிட்டி

பதில்: ஓட ஓடத் தீர்வதற்கு அது டீசலா? காஸ் குறைந்தால் எங்கோ ஓட்டை. இவ்வளவு நாளும் கற்பிட்டிக் காற்றுக்குத்தான் ஏசி போட்டிருக்கிறீர்கள்!

உப்பளங்களுக்குப் பேர்போன மாவட்டம், ஒருபக்கம் கடல், மறுபக்கம் களப்பு. உங்கள் கண்டென்சரை மட்டும் உப்பு விட்டுவைக்குமா? அதன் அலுமினியத் தகடுகளை விரலால் தொடுங்கள். வெள்ளைத் தூளாக உதிர்ந்தால் ஆள் அதுதான். இல்லாவிட்டால் குழாய் மூட்டுகளில் எண்ணெய்ப் பிசுக்கைத் தேடுங்கள். காஸ் கசியும் இடத்தில் எண்ணெயும் கசியும்.

இன்னொரு வில்லங்கமும் உண்டு. அந்தக் கால வான்களில் இருந்தது ஆர்-12. ஓசோனை அரிக்கிறதென்று 1987இன் மொன்றியல் உடன்படிக்கை அதற்குக் கதவடைத்தது. இப்போது அடிப்பது ஆர்-134ஏ. பழைய எண்ணெய் இதோடு ஒட்டாது. எண்ணெயையும் டிரையரையும் ஓ-ரிங்குகளையும் மாற்றாவிட்டால் கொம்பிரசர் இறுகிவிடும். வாக்கியூம் போட்டு, மீட்டர் முள் அசையாமல் நின்றால்தான் காஸ்.

‘வித்துட்டு வேற எடுங்க’ என்பார்கள். 2020இல் நிறுத்திய வாகன இறக்குமதி 2025இல் திறந்ததென்னவோ உண்மை. வரியோடு விலையைக் கேட்டால் ஏசி இல்லாமலே உடம்பு சில்லிடும். கண்டென்சரை மாற்றி, அடிக்கடி நல்ல தண்ணீரில் கழுவுங்கள். உவர்க் கிணற்றுத் தண்ணீர் மட்டும் வேண்டாம்.